பூசை நோட்டில் மெல்வின்

மாதா கோவில் பங்குச்சாமி, ஆயர் இல்லத்திலிருந்து பிஷப் அனுப்பிய கடிதத்தை மறுபடி வாசித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார். எதிரே பிளாரன்ஸ் நின்றாள். அவள் புருஷன் மெல்வின் புயலில் கடலோடு போய் ஆறு வருஷம். உடல் கிடைக்கவில்லை. அரசாங்கம் இறப்புச் சான்று கொடுத்துவிட்டது, கோவிலுக்கு அது மட்டும் போதாது. அவன் இறந்தான் என்று ஆயர் எழுதினால்தான் அவளுக்கும் ரோச்சுக்கும் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்துத் தாலி கட்ட முடியும்.

மெல்வின் மூழ்கியதைப் பார்த்தவன் ஒருவன்தான். அதே படகிலிருந்து தப்பிய ரோச். கட்டப்போகிறவனே சாட்சியா என்று கடிதம் கேட்டிருந்தது. மகன் இறந்துவிட்டான் என்று மெல்வினின் தாய் ஜெயபாய் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"மாமிகிட்ட நீங்க கேக்கக் கூடாதா சாமி?"

"கேட்டேன், வாயே தொறக்கல. வாரா வாரம் மகன் சுகமாக் கரை சேரணும்னு பூசைக்குக் காசு கொடுத்துப் பேரு எழுதிவைக்காங்க. எங்க பூசை நோட்டுல அவன் உயிரோட இருக்கான். நான் எப்படிம்மா ஓலை வாசிக்க?"

அவளுக்கு நாள் தள்ளிப்போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொல்ல நாக்கு வரவில்லை. ரோச்சுக்கு மட்டும் தெரியும். புயலுக்குப் பிறகு கடலை விட்டுத் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவன். ரிஜிஸ்டர் ஆபீஸில் முடித்துவிடலாம் என்றான். முடித்தால் இருவருக்கும் பூசையில் நன்மை அப்பம் கிடையாது. வயிற்றில் இருப்பதற்கு ஞானஸ்நானம் கேட்டுப் போனாலும் ஆயிரம் கேள்வி வரும்.

ஜெயபாயும் பிளாரன்ஸும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வாசலில் கிடக்கும் மெல்வினின் செருப்பை ஜெயபாய் ஆறு வருஷமாக யாரையும் தொடவிட்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மாமியார் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். வாடை தாங்காமல் பிளாரன்ஸ் முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தாள். திரும்பியபோது அரிவாள்மனையில் மாமியாரின் கை நின்றிருந்தது.

"ஏளா, எத்தன மாசம்?"

"ரெண்டு, மாமி."

ஜெயபாய் மிச்ச மீனையும் அரிந்து முடித்தாள். கை கழுவி, சேலை மாற்றி, கோவிலைப் பார்த்து நடந்தாள். பிளாரன்ஸ் வாசல்வரை ஓடிப் பார்த்தாள். சாமியிடம் சொல்லப் போகிறாள். நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். ரோச்சுக்குப் போன் போட்டாள். உடனே கிளம்பி வா என்றான் அவன். போனால் கிழவிக்குச் சோறு போட ஆள் கிடையாது. போகவில்லை.

மறுநாள் பூசைக்கு ஜெயபாய் அவளைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். உபதேசியார் நோட்டைத் திறந்து பூசைக் கருத்துகளை வாசித்தார். சீக்காளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், கடலுக்குப் போனவர்கள். மெல்வின் பெயர் எப்போதும் அங்கேதான் வரும். வரவில்லை. அடுத்து இறந்தவர்கள்.

"மெல்வின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கொடுப்பவர், தாய் ஜெயபாய்."

பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. இதைத்தான் பிளாரன்ஸ் கேட்டு மன்றாடினாள். இப்போதோ தானும் மாமியும் சேர்ந்து அவனை இந்த நிமிஷம்தான் தண்ணீருக்குள் அமுக்கியது போலிருந்தது.

"மாமி, அவிய வந்துட்டா?"

ஜெயபாய் பீடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வந்தா மொதல்ல எங்கிட்டதான வருவான். நான் சொல்லிக்கிடுதேன். நீ பூசையக் கவனி."

பூசை முடிந்ததும் ஜெயபாய் நேராகச் சாமியின் அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

வீடு வந்ததும் பிளாரன்ஸ் முதலில் வாசலைத்தான் பார்த்தாள். செருப்பு அங்கேயே கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே போக அவளுக்குப் பயமாக இருந்தது.