பழியெல்லாம் கன்ட்ரோலர் மேல்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அசுந்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீடியோ கேம் கன்ட்ரோலரும் கையுமாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அடுக்களையில் கணவன் கயெத்தானோ தக்காளிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருப்பான். ஜெர்மனியில் இருக்கும் மகன் ரீனோ காதுக்குள் வருவான். அந்த வாரம் என்னென்ன விளையாடினாள், எது எப்படி இருந்தது என்று அவனிடம் ஒப்பிக்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம் விளையாடுவார்கள்.

"அந்தப் பேய் பங்களா எப்படி இருந்துச்சும்மா?"

"பேயா அது? கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வருது. உங்க அத்தைக்குக்கூட அந்த மரியாதை தெரியாது."

"தோட்டம் போடுற விளையாட்டு?"

"கேரட் நல்லா வந்திருக்கு. ஆனா கொத்தும்போது அப்பப்ப கையில குடுகுடுன்னு அதிருது. எனக்குப் பிடிக்கல."

எரிமலைப் பள்ளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அவர்கள் ஊரான பொட்சுவோலியில் அந்த வருஷம் தரை அடங்கவே இல்லை. அடியில் எங்கோ 'டொம்' என்று ஒரு சத்தம், பிறகு நடுக்கம். ஒரு நாள் பத்து முறை, ஒரு நாள் நாற்பது. மூன்றாம் மாடியில் அவர்கள் படுக்கையறைச் சுவரில் விரல் நுழைகிற விரிசல். ரீனோ செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்டால், "அதெல்லாம் மேட்டுத் தெருப் பக்கம்டா, நமக்குத் தெரியறதே இல்ல" என்பாள். போன மாதம்தான் அவன் வேலை நிரந்தரமாகியிருந்தது. உண்மையைச் சொன்னால் உதறிவிட்டு மறுநாளே வந்து நிற்பான். ஆகவே பேச்சின் நடுவே குவளைகள் கிணுகிணுத்தால், குரல் தடுமாறினால், பழியை, விளையாட்டுக்கு ஏற்றபடி கையில் அதிரும் கன்ட்ரோலர் மேல் போட்டுவிடுவாள். சொல்லிச் சொல்லி அவளே பாதி நம்பியும்விட்டாள். அந்த நம்பிக்கைதான் அவளை நாற்காலியில் உட்காரவைத்திருந்தது.

அன்று மீன்பிடிப் படகு விளையாட்டு. வலையை இழுக்கும்போது முழங்கை வரை அதிர்ந்தது.

"பெரிய மீன் போல. கன்ட்ரோலர் என்னமா உதறுது பாரேன்."

ரீனோவின் படகு திரையில் அசையாமல் நின்றது.

"அம்மா, நான் ஈஸ்டருக்கு வந்தப்போ, கன்ட்ரோலர் அதிரும்போதெல்லாம் உனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கிளம்புற அன்னிக்கு அதிர்வையே நிறுத்தி வச்சுட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

"எந்த விளையாட்டுல?"

"எல்லாத்துலயும்."

அசுந்தா கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்தாள். அப்படியானால் கேரட் தோட்டத்தில் குடுகுடுத்தது? இத்தனை மாதமாகக் கைக்கு வந்த ஒவ்வொரு நடுக்கமும் தரையிலிருந்து வந்ததா?

"உனக்கு எப்பலேர்ந்துடா தெரியும்?"

"நான் கிளம்பின முதல் வாரத்துலேர்ந்து. நீ அதிருதுன்னு சொல்ற நேரத்தை நிலநடுக்கப் பட்டியல்ல தேடிப் பார்ப்பேன். ஒரு தடவைகூட தப்பல. நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். இனி என்னால முடியாதும்மா. ஃபோர்மியா ஊர்ல இருக்கிற சித்திகிட்ட பேசிட்டேன், அங்க போயிடுங்க. அப்பாவைக் கூட்டிக்கிட்டு இப்பவே இறங்கு. கைபேசியில கூப்பிடறேன்."

அவள் அடுக்களைக்குப் போய்ச் சொன்னபோது கயெத்தானோ கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் ரெண்டு மணி நேரம் கொதிக்கணும். சாப்பிட்டுட்டுப் பயப்படலாம்."

"எனக்குப் பயமா இருக்கு கயெத்தானோ. மாசக்கணக்கா பயமா இருக்கு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அடுப்பை அணைத்தான். காலணிக் கயிற்றைக் கட்ட அவன் விரல்களால் முடியவில்லை. அவள்தான் குனிந்து கட்டிவிட்டாள்.

"எத்தனாவது மாடிம்மா?" கைபேசியில் ரீனோ.

"ரெண்டாவது."

டொம்.

படிக்கட்டு பக்கவாட்டில் நழுவியதுபோல் இருந்தது. சுண்ணாம்பு அவள் தலையில் கொட்டியது. கயெத்தானோ அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நிக்காதம்மா, நடந்துக்கிட்டே இரு, நடந்துக்கிட்டே இரு." கைபேசியில் ரீனோ அழுதுகொண்டிருந்தான்.

தெருவில் வந்து நின்றார்கள். மேலே ஏதோ கண்ணாடி உடைந்து சிதறியது.

"வெளிய வந்துட்டோம்டா. மேல போகமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நீ அங்கேயே இரு. நாங்க சித்தி வீட்டுக்குப் போறோம்."

தரை நின்றுவிட்டதா, இன்னும் ஆடுகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கால்கள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. கயெத்தானோ கார்க் கதவைத் திறந்தான்.