ஐந்து தொடாத ஐந்நூறு

கலவை அறையில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவதாக ஒருவர் வந்தால் அவர் வெளியே போய்த்தான் மூச்சு விட வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பத்துக்காரர்களாக அமைந்தது ஆஸ்பத்திரி நிர்வாகம் யோசிக்காமல் செய்த காரியம். ஒருத்தி குளுக்கோஸ் கலப்பவள், இன்னொருத்தி அவள் கலந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவள். கலப்பவள் அண்ணி, சரிபார்ப்பவள் நாத்தனார். நாத்தனார் தப்புக் கண்டுபிடிப்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் இடம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நாத்தனாரை ஆஸ்பத்திரி முழுக்கக் கணக்கம்மா என்றே கூப்பிட்டார்கள். வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்து சொட்டு வேகத்தைச் சொல்லி முடிப்பதற்குள், பாட்டில் எத்தனை மணிக்குக் காலியாகும் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணக்கம்மா ஒவ்வொரு தாளையும் அவள் கண்ணெதிரிலேயே முதலிலிருந்து போட்டுப் பார்ப்பாள். அண்ணிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உங்க தங்கச்சி என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறா" என்று வீட்டில் ஒரே புலம்பல். கடைசியில் அண்ணன் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை, கொஞ்சம் விட்டுப் பிடி என்று கெஞ்சினார். அவளும் விட்டாள். அதற்குப் பிறகு பிடிக்கத்தான் மறந்துவிட்டாள்.

அந்த வேலையில் சரிபார்க்க வேண்டியவை மொத்தமே இரண்டு. இரண்டு கரைசலும் சேர்ந்து டாக்டர் கேட்ட அளவு வருகிறதா என்பது ஒன்று. இரண்டிலும் உள்ள குளுக்கோஸ் சேர்ந்து டாக்டர் கேட்ட வீரியம் வருகிறதா என்பது இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் எக்ஸ், ஒய் என்று படித்த அதே சங்கதிதான். தெரியாதவை இரண்டு, சமன்பாடு இரண்டு. பிரதியிடல் முறை என்று இதற்குப் பெயர். முதல் சமன்பாட்டிலிருந்து எக்ஸின் மதிப்பை எடுத்து இரண்டாவதில் வைக்க வேண்டும். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தால் எப்பேர்ப்பட்ட தப்பான விடைக்கும் அது சரி சரி என்று தலையாட்டும். இதைச் செய்கிற பிள்ளையின் காதைக் கணக்கு வாத்தியார் திருகாமல் விடமாட்டார். நாற்பது வயதுக்காரியின் காதைத் திருக யார் இருக்கிறார்கள்?

அன்று காலை ஏழரை மணிக்கு, குறைமாதத்தில் பிறந்து பதினோரு நாளான ஒரு குழந்தைக்கு ஐந்நூறு மில்லி, பத்து சதவீத குளுக்கோஸ் கேட்டுச் சீட்டு வந்தது. வழக்கமாக ஐந்து சதவீதக் கரைசலையும் இருபத்தைந்து சதவீதக் கரைசலையும் கலப்பார்கள். அதற்கு அட்டவணை சுவரிலேயே ஒட்டியிருக்கும். அந்த வாரம் இருபத்தைந்து வரவில்லை, ஐம்பதுதான் இருந்தது. அட்டவணை உதவாது என்பதால் அண்ணி தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். ஐந்தில் நானூறு மில்லி, ஐம்பதில் நூறு மில்லி என்று எழுதிக் கலந்து, தாளை நீட்டினாள்.

கணக்கம்மா ஐந்நூறிலிருந்து நூறைக் கழித்தாள். நானூறு வந்தது. தாளிலும் நானூறு இருந்தது. நானூறும் நூறும் ஐந்நூறு. கடனே என்று இரண்டு கட்டத்திலும் பச்சை மையில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். எண்களும் பார்க்க லட்சணமாக இருந்தன. பாடப்புத்தகம் படித்து வளர்ந்தவர்களுக்கு விடை முழு எண்ணாக வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு மூடநம்பிக்கை.

பதினொன்றரைக்கு வார்டு நர்ஸ் போன் செய்தாள். குழந்தைக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறதாம், பாட்டில் சரிதானா என்று டாக்டர் கேட்கச் சொன்னாராம்.

"சரிபார்த்தாச்சு சிஸ்டர். என் கையெழுத்து இருக்கே" என்றாள் கணக்கம்மா. தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு அதே நர்ஸ், வீரியமான கிருமி மருந்து ஒன்றை வாங்கிப்போகக் கீழே வந்தாள். பாட்டிலில் தப்பில்லை என்றால் உடம்பில் கிருமி என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். கிருமி மூளைவரை போயிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு மணிக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கப் போகிறார்கள். கிருமி எப்படி வந்தது என்று விசாரித்தபோது, குழந்தையை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விடுவதற்கு முன்பு நன்றாகக் கழுவினாயா என்று தாயிடம் கேட்டிருக்கிறார்கள். கழுவினேன் என்றவள், ஒரு தடவை அவசரத்தில் சரியாகக் கழுவவில்லையோ என்னவோ என்று வாய்விட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற புருஷன் பிடித்துக்கொண்டான். பத்து பேர் முன்னால் கத்தி, பெற்ற பிள்ளையைத் தொடக்கூடத் தெரியாதவள் என்று பழியை மொத்தமாக அவள் தலையில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

"அதிலிருந்து அந்தப் பொண்ணு குழாயடியை விட்டு நகர மாட்டேங்குது. கழுவிக் கழுவிக் கையில தோலே உரிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு நர்ஸ் படியேறினாள்.

அண்ணி டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள். கணக்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பார்க்காமலே பதில் சொன்னது இப்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. தாளை எடுத்தாள். ஐந்து நானூறு இரண்டாயிரம். ஐம்பது நூறு ஐயாயிரம். மொத்தம் ஏழாயிரம். பத்து சதவீதம் என்றால் ஐயாயிரம்தானே வர வேண்டும்? மறுபடி போட்டாள். ஏழாயிரம்தான் வந்தது. ஏழாயிரத்தை ஐந்நூறால் வகுத்தால் பதினான்கு.

தாளைத் திருப்பினாள். அண்ணி, ஐந்நூறு கழித்தல் ஒய் என்று அடைப்புக்குறி போட்டு, வெளியே ஐந்தை எழுதியிருந்தாள். அந்த ஐந்து, அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு பேரையும் பெருக்கியிருக்க வேண்டும். அது ஒய்யை மட்டும் பெருக்கிவிட்டு, ஐந்நூறைத் தொடாமலே அடுத்த வரிக்குப் போய்விட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஐந்நூறு நின்றது. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பு. அதைப் பார்த்ததும் கணக்கம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அண்ணி தப்பாகக் கலந்தாள், சரி. அந்தத் தப்பைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே ஒருத்தி இந்த அறையில் உட்கார்ந்திருந்தாளே, அவள் என்ன செய்தாள்?

தாளை அண்ணியின் முன்னால் வைத்து, அந்த வரியில் விரலை வைத்தாள். அண்ணி பார்த்தாள். கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டாள். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, கையுறையை மாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து கணக்கைப் புதிதாகப் போட்டார்கள். ஐம்பதில் ஐம்பத்தைந்து புள்ளி ஆறு மில்லி, மிச்சம் ஐந்தில். பார்க்க லட்சணமே இல்லாத எண். கணக்கம்மா இரண்டு சமன்பாட்டிலும் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் சரியாக வந்தது.

"மூடி கசியுதுன்னு சொல்லிப் பழசை வாங்கிட்டு வந்துடு" என்றாள் அண்ணி. "சாயங்காலத்துக்குள்ள சர்க்கரை இறங்கிடும். குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். உன் வேலையும்தான். உங்க அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கணக்கம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு படியேறினாள். அவளை உத்தமியாக்கிக் கதை சொல்ல இங்கே யாருக்கும் ஆசையில்லை. அண்ணி சொன்னதையே செய்வது என்றுதான் ஏறினாள். மூடி கசிகிறது என்ற பொய்யை ஒவ்வொரு படியிலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வார்டில் பொய் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. புதுப் பாட்டிலை மாட்டிவிட்டு, பழையதைத் தட்டில் வைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கையகலத்துக்கு அந்தக் குழந்தை கிடந்தது. பக்கத்து மேசையில் ஊசித் தட்டு தயாராக இருந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். புது மருந்தின் முதல் வேளை போய்விட்டது, சாயங்காலத்துக்குள் சர்க்கரை இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், பதினாலு நாளும் விடாமல் கொடுத்துவிடலாம். சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து, அதனால் கவனமாக இருக்க வேண்டும். பெற்றவளை மட்டும் கொஞ்ச நாளைக்குப் பெட்டி பக்கம் விடாதீர்கள் என்றும் சொன்னார்.

கணக்கம்மா கிளம்பத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். சர்க்கரை இறங்கத்தான் போகிறது. இறக்கப்போவது புதுப் பாட்டில், பெயர் வாங்கப்போவது அந்த மருந்து. இல்லாத கிருமிக்குப் பதினாலு நாள் மருந்து ஏறும். அந்தக் கிருமியைக் கொண்டு வந்தவள் தாய்தான் என்று ருசுவும் ஆகிவிடும். இங்கேயும் தெரியாதவை இரண்டு, மருந்தும் பாட்டிலும். டாக்டர் கையில் ஒரு சமன்பாடுதான் இருக்கிறது. இன்னொன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள்.

"டாக்டர், அந்த ஊசியைப் போடாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில வந்த பாட்டில் பத்து இல்ல, பதினாலு. மூடி கசியுதுன்னு சொன்னதும் பொய்."

டாக்டர் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தணிந்த குரலில், பதினொன்றரைக்குச் சரிபார்த்தாச்சு என்று சொன்னது யார் என்று கேட்டார். நான்தான், தாளைப் பார்க்காமலே சொன்னேன் என்றாள். பழைய பாட்டிலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். யார் கலந்தது என்று அடுத்த கேள்வி வந்தது. அண்ணியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்படிப் போட்டால் சரிபார்த்தவள் என்று ஒருத்தியே இருக்க மாட்டாள், அவள் செய்த தப்பே தாளிலிருந்து மறைந்துபோகும். வாயை மூடிக்கொண்டு தப்பிக்க அதுவும் ஒரு வழிதான். கலந்தது எங்க அண்ணி, பிடிக்க வேண்டியது நான், பிடிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னாள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அண்ணன். எடுக்கவில்லை.

இருபது நிமிஷத்தில் பரிசோதனை முடிவு வந்தது. பதினாலு. ஊசித் தட்டை நர்ஸ் மூடி எடுத்துப்போனாள். மருந்தின் அடுத்த வேளையை நிறுத்தி வைத்தார்கள். குழந்தையை ராத்திரி வரைக்கும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும், ஒன்றும் ஆகாது என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது என்றார் டாக்டர். எழுதிக் கொடுக்க வேண்டியதைப் பிறகு எழுதிக் கொடு, முதலில் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும், வா என்றார்.

தாய் குழாயடியில் நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சோப்பு நுரைக்குள் இரண்டு கையும் வெந்து சிவந்திருந்தன. டாக்டர் ஆரம்பிப்பதற்குள் கணக்கம்மாவே சொன்னாள். பாட்டிலில் குளுக்கோஸ் அதிகம், சர்க்கரை ஏறியது அதனால், அதைச் சரிபார்க்க வேண்டியவள் நான், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். எந்த வார்த்தையையும் மென்று விழுங்கவில்லை. அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவே நின்றாள்.

அந்தப் பெண் குழாயை மூடினாள். டாக்டரைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"பிள்ளை?"

"இப்ப சரியான பாட்டில் போகுது. சர்க்கரை இறங்கணும். பக்கத்திலேயே இருந்து பார்க்கிறோம்" என்றார் டாக்டர்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். துடைக்கும்போது எரிச்சலில் முகம் சுளித்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, கணக்கம்மாவிடம் நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னு நினைப்பார்."

கணக்கம்மா போனைக் காதில் வைத்தாள். போன் இரண்டு தடவை அடித்ததும் புருஷன் எடுத்தான். மனைவிதான் பேசுகிறாள் என்று நினைத்து எடுத்த எடுப்பிலேயே எரிந்து விழுந்தான்.

"இப்ப என்னத்தைப் பண்ணித் தொலைச்ச?"

"அவங்க ஒண்ணும் பண்ணல" என்றாள் கணக்கம்மா. "நான்தான் பண்ணினேன்."