பதினான்காவது நாற்காலி

இடுப்பு விட்டுப் போயிருந்தது. காலையிலிருந்து தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றால், மன்னாரில் கரைவலை இழுத்த இடுப்பும் விட்டுத்தான் போகும். வயிற்றில் ஒரு துண்டுப் பாணும் ஒரு தேத்தண்ணியும்.

சுவிஸில் நொஷாட்டல் ஏரிக்கரையில் இருந்த அந்தப் பழைய பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆண்டுக்கு ஒருமுறை பெரிய விருந்து. அன்றைக்கு மட்டும் பொன் விளிம்பு வைத்த தட்டுகள் அலுமாரியை விட்டு வெளியே வரும். அவற்றை மெஷினுக்குள் போடக்கூடாது. கையால் கழுவ நானும் நிரஞ்சினியும். நிரஞ்சினி மட்டக்களப்புப் பிள்ளை. அவளுடைய கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். பரமேஸ்வரிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நிரஞ்சினி ஒன்பது மணி பஸ்ஸை விட்டால் பிள்ளைக்கு ஆளில்லை.

"பயப்பிடாதை. நான் நிக்கிறன்தானே. ரெண்டு பேரும் பிடிச்சால் முடிஞ்சிடும்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

சூப் போகிற நேரம், விருந்துப் பொறுப்பாளர் மசியூ ரொபேர் தன் கோட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தார். தலைமேசைக்கு வரவேண்டிய ஒரு பேராசிரியருக்குக் காய்ச்சலாம். மிச்சம் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேர் ஒரு மேசையில் இருந்தால் ஒருவர் வருடத்துக்குள் செத்துப் போவாராம். கல்லூரித் தலைவரின் மனைவி உட்காரமாட்டேன் என்று நிற்கிறாள். பரிமாறுகிறவர்களை எடுக்க முடியாது, சமையல்காரரையும் எடுக்க முடியாது.

"ஜெபநேசன், நீ வா. சும்மா இருந்து சாப்பிடு. நடுவில் மட்டும் எழும்பாதே. எழும்பினால் திரும்பவும் பதின்மூன்று!"

நான் நிரஞ்சினியைப் பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போங்கண்ணே. நாம ராகுகாலம் பாக்கிறதெண்டா இவங்களுக்குச் சிரிப்பு. இப்ப பாருங்க! தட்டை மட்டும் நக்கி வையுங்க, எனக்குக் கழுவ லேசு."

மசியூ ரொபேரின் கோட்டுக்குள் என் விரல் நுனிகளும் மறைந்துவிட்டன. மாற்றுச் சப்பாத்து இல்லை. கறுப்பு றப்பர் பூட்ஸோடு போய் இருந்தேன். மேசைவிரிப்பு நிலம்வரை தொங்கியது, ஆண்டவர் காத்தார்.

சூப் வந்தது, போனது. மீன் வந்தது, போனது. மீனுக்கு உப்புக் காணாது, ஆனாலும் பசி கேட்கவில்லை. கோப்பைகளும் தட்டுகளும் அடுக்கடுக்காக உள்ளே போவதைப் பார்த்தேன். மண்டபத்தில் இருந்தது அறுபது பேர். இறைச்சி வந்த நேரம் விரல் மடித்து எண்ணினேன். இனிச் சீஸுக்கு ஒரு தட்டு, கேக்குக்கு ஒரு தட்டு. உள்ளே ஒருத்தி.

இறைச்சித் தட்டைப் பாணால் துடைத்துத் துப்பரவாக்கினேன். பரிமாறுகிற பெடியன் எடுக்க வந்தான். விடவில்லை. அவன் இழுத்தான், நானும் இழுத்தேன்.

பக்கத்தில் இருந்தவர் மதாம் மொன்னியே. காலஞ்சென்ற பேராசிரியர் ஒருவரின் மனைவி. "ஏன் தட்டோடு சண்டை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன்: "உள்ளே ஒரு பெண் தனியக் கழுவுகிறாள். ஒன்பதுக்கு பஸ். வீட்டில் குழந்தை."

மதாம் ஒரு துண்டுப் பாண் எடுத்துத் தன் தட்டைத் துடைத்தார். பிறகு மேசை முழுவதற்கும் கேட்கும்படி, "இன்றைக்குச் சீஸும் கேக்கும் இதிலேயே!" என்றார். பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைவரின் மனைவி முதலில் துடைத்தாள். மற்றவர்களுக்கு வேறு வழி இல்லை. தலைமேசை செய்வதை மண்டபம் செய்ய வேண்டும் என்பது அங்கே பழக்கம். ஏதோ பழைய சடங்கு என்று நினைத்து அறுபது பேரும் பாண் கேட்டார்கள். பாண் முடிந்துபோனது.

கேக்கை விழுங்கியதும் தலைவர் பேச எழுந்தார். கல்லூரியின் முன்னூறு வருடக் கதை. சுவர் மணிக்கூட்டில் எட்டரை தாண்டியும் முதல் நூறு வருடம் முடியவில்லை. அவர் பேசி முடித்துக் கிண்ணம் உயர்த்தாமல் யாரும் எழும்ப முடியாது. நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்.

"எல்லோரும் ஒன்றாக எழுந்தால் ஒருவரும் சாகமாட்டோம்தானே?" என்று மதாம் தலைவரின் மனைவியிடம் கேட்டார்.

அவள் கிண்ணத்தோடு எழுந்தாள். நாங்களும் எழுந்தோம். என் பூட்ஸ் 'கிறீச்' என்றது. மண்டபமே எழுந்து நின்றது. தலைவர் நடு வசனத்தில் வாயை மூடிக் கிண்ணத்தை உயர்த்தினார். இருநூறு வருடம் தப்பியது.

நான் குசினிக்குள் ஓடினேன். சூப்புக் கோப்பையும் மீன் தட்டும் மினுங்கிக்கொண்டு அடுக்கில் இருந்தன. நிரஞ்சினி ஜக்கெற் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணே, சீஸுத் தட்டும் வரல்ல, கேக்குத் தட்டும் வரல்ல? வெள்ளைக்காரருக்கு என்ன நடந்த?"

"நீதானே நக்கி வைக்கச் சொன்னனீ."

"ஐயோ, உங்களைத்தான் சொன்னன்! ஊரையே நக்க வச்சிட்டீங்களே!"

சிரித்துக்கொண்டே ஓடினாள். பஸ் கிடைத்துவிட்டது.

மிச்ச இறைச்சித் தட்டுகளை நான் கழுவினேன். இடுப்பு திரும்பவும் விட்டுப்போனது, வயிறு மட்டும் நிறைந்திருந்தது. ஒரு நாள் உன் பங்கையும் நானே கழுவுறன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "பிறகு பாப்பம்" என்பாள். அன்றைய சூப்புக் கோப்பையிலும் மீன் தட்டிலும் என் பாதியையும் சேர்த்துக் கழுவியது அவள். அந்தப் பாதியை நான் இன்னும் கழுவிக் கொடுக்கவில்லை. கடன் அப்படியே நிற்கிறது.