உடைப்பதற்கு ஒரு விமானம்

சுத்தியலின் இரண்டாவது அடியில் விமானத்தின் வால் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அடுத்த அடி குறி தவறி மேசையில் பட்டது. அந்தக் கோபத்தையும் சேர்த்து அண்ணன் மறுபடி ஓங்கினான்.

"போதும், விடுண்ணா. ஹால்ல ஆளுங்க இருக்காங்க." தங்கை அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"இருக்கட்டும். என் கையால சாக வேண்டிய ஆளு. போயும் போயும் ஒரு பொம்மையோட மல்லுக்கட்டிச் செத்திருக்கார்."

உதறினான். அவள் தோள் அலமாரிக் கதவில் இடித்தது. சுத்தியல் மேலே போனபோது வாசலில் நின்ற அண்ணியின் இடது கை தானாக உயர்ந்து முகத்தை மறைத்தது. மறு கணமே தலைமுடியை ஒதுக்குவதற்காகத் தூக்கியதைப் போல அந்தக் கை கீழே இறங்கிவிட்டது. ஆனால் தங்கை பார்த்துவிட்டாள். அது அம்மாவின் கை. அந்தக் கை அப்படி உயர்வதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதில் சந்தேகம் வர வழியில்லை. தோளில் பட்ட அடியைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

சுத்தியலைக் கட்டிலில் எறிந்துவிட்டு அண்ணன் வெளியே போனான். தரையெங்கும் சிவப்பும் வெள்ளையும் சாம்பலுமாகப் பிளாஸ்டிக் கட்டைகள் சிதறிக் கிடந்தன. பாதியாகிப்போன விமானத்தின் வயிற்றுக்குள் மோட்டார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

காலையில் அப்பா இந்த மேசையின் முன்னால்தான் செத்தார். சக்கரத்தை இறக்கிப் பார்த்தாராம், இறக்கை பிய்த்துக்கொண்டதாம், கத்தினாராம், விழுந்தாராம். அம்மா சொன்னது அவ்வளவுதான்.

ஹாலின் நடுவில் பெஞ்சில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அங்கே அவருக்குக் 'கொக்கி' என்று பெயர். கண்ணாடிப் பாளங்களை அலுங்காமல் குலுங்காமல் இறக்கி வைக்க அவரை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அந்தப் பதமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. பெல்ட், செருப்பு, தட்டு, ஒரு முறை சூடான இஸ்திரிப் பெட்டி என்று கைக்குக் கிடைத்தது எதுவும் வீணாகாது. அண்ணனின் இடது காது பள்ளிக்கூட நாட்களிலேயே போய்விட்டது. அம்மாவின் மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியது. வெளியே தெரிந்தவை இவை. ஊமைக்காயங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் பக்கவாதம் வந்து வலது கையைச் சாய்த்துவிட்டது. இடது கை பாக்கி இருந்தது. அதை வைத்தே சமாளித்துக்கொண்டார்.

விரல்களுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுங்கள் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர் சொன்னதும், மகள்தான் கடை கடையாக ஏறி இந்த விமானத்தை வாங்கி வந்தாள். கட்டை கட்டையாகக் கோத்துக் கட்ட வேண்டியது. மோட்டார் உண்டு. கூடவே வந்த விளக்கப் புத்தகத்தை அப்பா முதல் நாளே குப்பைக்கூடையில் போட்டார். "காலம் பூரா கிரேன் ஓட்டினவனுக்குப் பொம்மைப் புத்தகமா?"

கட்டி நிறுத்தியதும் அது நாய் மாதிரி வாலில் குந்தி உட்கார்ந்தது. பேட்டரியை மூக்குப் பக்கம் மாற்றிச் சரிசெய்தார். இறக்கைகள் தொங்கின. உள்ளே இரட்டைக் கம்பி கொடுத்தார். காற்றாடி உடம்பில் உரசியது. அதையும் தள்ளி வைத்தார். தீராத கோளாறு ஒன்றே ஒன்றுதான். காற்றாடி, சக்கரம் இரண்டுக்கும் வயிற்றுக்குள் இருந்த ஒரே மோட்டார். நெம்புகோலைத் தள்ளினால் சக்கரம் இறங்கும். இறங்கி முடிந்த பிறகும் மோட்டார் நிற்காது, தள்ளிக்கொண்டே இருக்கும். போக்கிடம் இல்லாத அந்த முறுக்கு, இடது இறக்கையை அடியோடு நெம்பிப் பிய்த்து எறியும்.

"கிரேன்ல லிமிட் சுவிட்ச் இருக்கும். எல்லைக்கு வந்தா நின்னுடும். இதுல ஒரு மண்ணும் இல்ல. டிசைனே தப்பு. படிச்ச முட்டாளுங்க," என்று கத்துவார். விமானத்தை மேசையில் அறைவார், சுவரில் அடிப்பார், காலால் மிதிப்பார். கை ஓய்ந்ததும் படுத்துக்கொள்வார். அம்மா எல்லாவற்றையும் பொறுக்கி, தட்டில் நிறவாரியாகப் பிரித்து வைப்பாள். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பம்.

அவள் இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் அம்மாவின் கைகளைத்தான் பார்ப்பாள். புதிதாக ஒன்றும் இருக்காது. கழுத்திலும் இருக்காது. மெல்ல மெல்லப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அப்பா மாறிவிட்டார், நான் வாங்கிக் கொடுத்த விமானம் அவரை மாற்றிவிட்டது என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்றுகூட நினைத்திருந்தாள்.

"அப்பா சட்டையில ஒரு பொத்தான் இல்லம்மா," என்று சமையலறைக்குப் போனாள்.

அம்மா அடுப்புக்கு முன்னால் வெறுமனே நின்றிருந்தாள். அடுப்பு எரியவில்லை. "தையல் டப்பாவுல இருக்கும் பாரு."

தகர டப்பாவைத் திறந்து பொத்தான்களைக் கிளறியபோது விரலில் தட்டுப்பட்டது. வெள்ளை நிறத்தில் ஒரு பல்சக்கரம். விமானத்தின் துண்டுதான். தவறி இதில் விழுந்திருக்கும் என்று எடுத்தாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுவைத் திருகினால் இரண்டும் தனித்தனியாக வழுக்கின. டிக், டிக்.

"அதை உள்ளயே போடு," என்றாள் அம்மா.

"என்னம்மா இது?"

அம்மா ஹால் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "உள்ள ரெண்டு வளையம். ரொம்ப அழுத்தம் வந்தா வழுக்கி விட்டுடும். எதுவும் உடையாது. பெட்டி மேலயே படம் போட்டுருந்துச்சு. அவருக்கு எங்க அதையெல்லாம் பாக்கப் பொறுமை."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"வயித்துக்குள்ள அவர் விரல் போகாது. அந்தப் பாகத்தை மட்டும் நான்தானே மாட்டுவேன். முதல் தடவை இதைத்தான் மாட்டினேன். நல்லா ஓடுச்சு. சக்கரம் இறங்குச்சு, டிக்கு டிக்குன்னு சத்தம் வந்துச்சு, இறக்கை அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு முழுக்கச் சிரிச்ச முகம். மறுநாள் செய்யறதுக்கு ஒன்னும் இல்ல. டீ ஆறிப்போச்சுன்னு..." அம்மா காதுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். "அதுக்கப்புறம் இதை எடுத்துட்டு அதே அளவுல வழுக்காத வேற பல்சக்கரம் போட்டேன். சாம்பல் கலர்."

அப்பா அதைக் கண்டுபிடிக்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரன் முட்டாள் என்று நம்ப அவருக்கு ஒரு நிமிடம் போதும். அம்மா ஒன்றை யோசித்துச் செய்வாள் என்பது மட்டும் அவர் தலைகீழாக நின்றாலும் தோன்றியிருக்காது.

"அப்ப அப்பா மாறலையா?"

"யாரு மாறினது?"

அவள் அரிசி டின்மேல் உட்கார்ந்துகொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்ததை வாய் கேட்டுவிட்டது. "டாக்டர் கோபமே படக் கூடாதுன்னாரேம்மா. இன்னிக்குக் காலையில..."

"கோபப்படக் கூடாதுன்னு அவர்கிட்டதானே சொன்னார். என்கிட்டயா சொன்னார்?" அம்மாவின் குரல் உயரவில்லை. "அவருக்கு உடைக்கிறதுக்கு ஏதாவது ஒன்னு வேணும். இத்தனை வருஷம் நான் இருந்தேன். அப்புறம் அது இருந்துச்சு."

ஹாலில் நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

துறைமுகத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர் சுவரோரம் விழுந்து கிடந்தார். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் ஒழுகியது. அண்ணன் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

"பூ மாதிரி இறக்கி வெப்பாரா? யாரு, இவரா? இந்தக் காதுகிட்ட வந்து சொல்லு. கேக்குதான்னு பாப்போம்."

"நான் வேலையைத்தாம்பா சொன்னேன்," என்று முனகினார் அவர்.

அண்ணன் அவர் தலையைச் சுவரில் மோதினான். யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். முழங்கையால் ஓர் இடி, பிடித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அப்போதுதான் அண்ணி குறுக்கே போனாள். "விடுங்க. பெரியவரைப் போய்..." என்று முடிப்பதற்குள் புறங்கை அவள் வாயில் விழுந்தது. அப்பாவின் கால்மாட்டில் போய் மோதி நின்றாள். பெஞ்சு ஆடியது. அப்பாவின் தலை மெல்ல ஒரு பக்கம் திரும்பியது.

அண்ணன் தன் கையைப் பார்த்தான். அப்புறம் அப்பாவைப் பார்த்தான். அண்ணன் முகம் அப்பா முகம் இல்லை என்று இத்தனை நாள் பிடிவாதமாக நினைத்திருந்த தங்கை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணனை வெறுத்தாள். அதே நேரத்தில், ஒரு காது கேட்காமல் தலையைச் சாய்த்தே வகுப்பில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்காக அவளுக்கு அழுகையும் வந்தது.

அம்மா போய் அப்பாவின் தலையை நேராக்கினாள்.

"வண்டி வந்துடுச்சு," என்று கீழேயிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். அதற்காகவே காத்திருந்தவர்கள் போல ஆண்கள் எழுந்தார்கள். அடி வாங்கியவரும் உதட்டைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். பெஞ்சு லிஃப்டில் நுழையாது, படியில்தான் இறக்க வேண்டும். அண்ணன் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டான்.

அவர்கள் போனதும் அம்மா நேராக அறைக்குள் போனாள். மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு வாலை எடுத்தாள். இறக்கைகளை எடுத்தாள். முந்தானையில் ஒவ்வொரு கட்டையாக ஊதித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. மோட்டாரோடு எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள். மூடி மேல் இருந்த படத்தில் வெள்ளைப் பல்சக்கரம் இருந்த மூலையை நகத்தால் கிழித்தெடுத்தாள்.

அண்ணி வாஷ்பேசினில் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது.

"இந்தாம்மா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போ," என்று அம்மா பெட்டியை நீட்டினாள். "அப்பா ஞாபகமா வெச்சுக்க அம்மா சொன்னாங்கன்னு அவன்கிட்ட சொல்லு. வேணாம்பான். கண்ணுல படுற இடத்துல வை, எடுத்துடுவான்."

"எனக்கு இதெல்லாம் கட்டத் தெரியாது அத்தை."

"நீ கட்ட வேணாம். அவன் கட்டுவான். வயித்துக்குள்ள இருக்கிற பல்சக்கரத்தை மட்டும் நீ மாட்டு. சாம்பல் கலர்." அம்மா பெட்டியை அவள் கைகளில் வைத்து அழுத்தினாள். "இது உடையாது. கழண்டுதான் வரும். திரும்ப மாட்டிக்கலாம்."

அண்ணிக்கு என்ன புரிந்ததோ, அம்மாவின் கோணல் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

படிக்கட்டிலிருந்து அண்ணனின் குரல் மேலே வந்தது. "மெதுவா. இன்னும் கொஞ்சம் இறக்கு. சுவர்ல இடிக்காம."

வெள்ளைப் பல்சக்கரம் இன்னும் தங்கையின் உள்ளங்கையில்தான் இருந்தது. அண்ணி கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். அதைக் கொடுக்காமல் தங்கை சமையலறைக்குப் போய்ப் பொத்தான்களுக்கு அடியில் தள்ளி, தகர டப்பாவின் மூடியை இரண்டு கைகளாலும் அழுத்தி மூடினாள்.