இருபது, மூன்று, ஒன்று

கண் மருத்துவமனையின் புதுக் கட்டடத்தில் மூன்றாம் மாடி நடைவழிக்கு வர்ணம் அடிக்கும் வேலை கிடைத்தபோது, பெயின்டர் தன் சகலையையும் கூட அழைத்துப்போனார். மனமுவந்து அல்ல. மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனிதர் நடத்திவந்த நோட்டுப்புத்தகக் கடை படுத்துவிட்டது. "சின்ன மாப்பிள்ளைக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று மாமனார் போனில் கேட்டுக்கொண்டார். மாமனாரே கேட்ட பிறகு மூத்த மாப்பிள்ளை முகத்தைச் சுளிக்க முடியுமா? சுளிப்பை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு ரோலரை எடுத்துக் கொடுத்தார்.

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் பெயின்டர் சேர்த்துவைத்த சொத்து அவருடைய கண்தான். எந்த நிறத்தைக் காட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். முதல் நாள் கட்டடப் பொறுப்பாளர் மேடம் ஒரு நாற்காலி உறைத்துணியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதே நிறம் வேணும் மேஸ்திரி. இங்க உட்கார்ந்திருக்கிறவங்க கண்ணுக்கு உறுத்தக்கூடாது."

வெளிர்ப் பச்சை, கொஞ்சம் சாம்பல் பூத்தது. பெயின்டர் ஒரு கிண்ணத்தில் வெள்ளையை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினார். பச்சையைச் சேர்த்தார், சாம்பலைத் தொட்டுக்கொண்டார், கலக்கிச் சுவரில் ஒரு கையகலம் பூசினார். காய்ந்ததும் துணியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் துணி எது, சுவர் எது என்று தெரியவில்லை. மேடம் தலையாட்டிவிட்டுப் போனார். பெயின்டர் ஓரக்கண்ணால் சகலையைப் பார்த்தார். பாராட்டு வருமென்று எதிர்பார்த்தார்.

சகலை பென்சிலும் கையுமாக ஓர் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னது அது?"

"நீங்க போட்ட ஸ்பூனை எண்ணினேன் அண்ணா. இருபது வெள்ளை, மூணு பச்சை, ஒரு சாம்பல். இனிமே இதே கணக்குல போட்டுக்கலாம். ஸ்பூனுக்குப் பதிலா அரை லிட்டர் மக். வெள்ளை டின் பத்து லிட்டர், அதாவது சரியா இருபது மக். ஒரு டின்னை அப்படியே கவுத்துட்டு, மூணு மக் பச்சை, ஒரு மக் சாம்பல். முடிஞ்சுது."

முடிந்தேவிட்டது. அதன்பிறகு ட்ரம்மில் கலக்கும் வேலை சகலைக்குப் போனது. தினமும் ஒரே நிறம், நூல் பிசகவில்லை. அறைகளுக்கு அடிக்கும்போது இந்தக் கவலை இருந்ததில்லை. ஓர் அறைக்கு ஒரு கலவை என்று முடித்துவிடலாம். இதுவோ நீளமான சுவர். நேற்றைய கலவையும் இன்றைய கலவையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சாயல் வித்தியாசம் வந்தாலும் பட்டை பட்டையாகத் தெரியும். அதைப் பெயின்டரும் அறிவார். அறிந்ததுதான் எரிச்சலைக் கூட்டியது.

இத்தோடு விட்டாரா சகலை? "ஒரு மணி நேரத்துல எத்தனை சதுர மீட்டர் அடிப்பீங்க அண்ணா?" என்று ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கேட்டதோடு நிற்காமல் கடிகாரத்தையும் பார்த்தார். பெயின்டர் பன்னிரண்டு, சகலை எட்டு. இரண்டு பேருமாக மணிக்கு இருபது, ஆறு மணி நேரத்துக்கு நூற்றிருபது. இரண்டு பக்கச் சுவரும் சேர்த்து நானூற்றெண்பது. ஆக ஒரு பூச்சுக்கு நாலு நாள், இரண்டு பூச்சுக்கு எட்டு நாள். இதை மேடத்திடமே போய்ச் சொன்னார். நாலாம் நாள் மாலை முதல் பூச்சு சொன்னபடி முடிந்தது.

"முடிக்கிற நாளைச் சொல்லி, அதே நாள்ல முடிச்ச ஆட்களை நான் இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் மேடம், சகலையைப் பார்த்து.

பன்னிரண்டு அடித்தவர் ஓரமாக நின்றார். எட்டு அடித்தவருக்குப் பாராட்டு.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஆரம்பித்தாள். "தங்கச்சி போன் பண்ணினா. அவர் வந்ததுக்கு அப்புறம் உங்க வேலையே ஒரு ஒழுங்குக்கு வந்திருக்காமே? அப்பாகூட ரொம்ப சந்தோஷப்பட்டார்."

"யார் சொன்னது, ஒழுங்குன்னு?"

"எல்லாரும்தான்."

பெயின்டர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். நிறத்தைக் கண்டுபிடித்தது யார், கையை வீசி அடிப்பது யார், எண்ணிக்கொண்டு நிற்பது யார்? கேட்க ஆசைதான். கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். கேட்காமல் இருந்ததில் வயிறு இன்னும் எரிந்தது.

ஐந்தாம் நாள் காலையில் அவர் வழக்கத்துக்கு முன்பே கிளம்பினார். நடைவழியில் யாரும் இல்லை. அரை லிட்டர் மக்கை எடுத்துத் தன் பையின் அடியில் பழைய சட்டைக்குள் சுருட்டி வைத்தார். அதன் இடத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த முக்கால் லிட்டர் மக்கை வைத்தார். அதே வெள்ளை பிளாஸ்டிக், கொஞ்சம் உயரம் அதிகம். ஒரு டின் வெள்ளையில் இந்த மக்கால் மூன்று பச்சை விழுந்தால் சுவர் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். அப்போது அட்டைக் கணக்கு என்ன ஆகிறதென்று பார்க்கலாம். மக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், ஆனாலும் பழையபடி மாற்றி வைக்கவில்லை.

சகலை வந்தார், கலக்கினார். பெயின்டர் ஏணி மேல் நின்றபடி மறுபக்கம் பார்த்துக்கொண்டு மேல்விளிம்பில் பிரஷ் ஓட்டினார். கீழே ரோலர் ஓடும் சத்தம் கேட்டது. முதல் பட்டை காயும்வரை பொறுத்து இறங்கிப் பார்த்தார். அதே நிறம். தள்ளி நின்று பார்த்தார், ஜன்னல் பக்கமாகப் போய்ப் பார்த்தார். கண் பொய் சொல்லவில்லை. துளிகூட மாறவில்லை.

"கலவை... சரியா வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணா. பழைய மக்கைத்தான் காணோம். யாரோ பெருசா ஒண்ணை வச்சுட்டுப் போயிருக்காங்க. பரவால்லன்னு வெள்ளையையும் இதாலேயே இருபது மக் அளந்துட்டேன். எல்லாத்தையும் ஒரே மக்கால அளந்தா மக் எவ்வளவு பெருசா இருந்தா என்ன? என்ன, பன்னெண்டு லிட்டருக்குப் பதிலா பதினெட்டு லிட்டர் ஆயிருச்சு. ஆறு லிட்டர் நாளைக்கு ஆகும்."

பெயின்டர் மறுபடி ஏணியில் ஏறிக்கொண்டார். செய்தது பலிக்கவில்லை என்ற ஏமாற்றமும், நல்லவேளை பலிக்கவில்லை என்ற ஆறுதலும் ஒன்றாக வந்து அவரைப் படுத்தின.

ஆறாம் நாள் சகலை வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல். பெயின்டர் விடிந்ததுமே வந்து தனியாகவே மீதி ஆறு லிட்டரை வைத்து அடித்தார். லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர். அவர் வேகத்துக்கு ஐந்து மணி நேரத்தில் ட்ரம் காலி. சுவரோ பாதியில் நின்றது. விளிம்பு ஈரமாக இருக்கும்போதே தொடர்ந்து அடிக்காவிட்டால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும்.

டின்களைப் பார்த்தார். நேற்று உடைத்த இரண்டாவது டின்னில் பாதி வெள்ளை இருந்தது, ஐந்து லிட்டர். கண்ணளவில் கலக்கலாம். ஆனால் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். காயவைத்து ஒப்பிட நேரமில்லை. அட்டை சுவரோரம் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்த்தார். பத்து லிட்டருக்கு மூன்று மக் பச்சை. ஐந்து என்பது பத்தில் பாதி. அப்படியென்றால் பச்சையும் பாதி, சாம்பலும் பாதி. ஒன்றரை, அரை. ஆனால் அந்தக் கணக்கு அரை லிட்டர் மக்குக்கு எழுதியது. பைக்குள் கையை விட்டுப் பழைய சட்டையைப் பிரித்து, மறைத்துவைத்த மக்கை எடுத்தார். பக்கத்தில் யாருமில்லை, ஆனாலும் காது சூடானது.

கலக்கி, இரண்டு பேருடைய அன்றைய பங்கும் முடியும்வரை நிறுத்தாமல் அடித்தார். மாலையில் மேடம் வந்தபோது சுவர் காய்ந்திருந்தது. கோடு விழுந்திருக்கிறதா என்று அவர் முகத்தைச் சுவரோடு ஒட்டிப் பார்த்தார்.

"உங்க சகலை கலக்கி வச்சுட்டுப் போனாரா?"

"இல்ல மேடம். நான்தான் கலக்கினேன்."

"அப்படியா? அவர்கிட்ட நல்லாக் கத்துக்கிட்டீங்க மேஸ்திரி."

இருபத்திரண்டு வருட பெயின்டர் குனிந்து வாளியை இழுத்தார். பிரஷ்களைக் கழுவினார். ஏற்கனவே சுத்தமானவற்றையும் கழுவினார்.

மறுநாள் காலை சகலை வந்தார். மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. குழாயடியில் கவிழ்த்திருந்த மக்கைக் கையில் எடுத்து, "அட, பழைய மக் கிடைச்சிருச்சா?" என்றார். பிறகு சுவரை ஒரு பார்வை பார்த்தார். "நேத்து எவ்வளவு போட்டீங்க?"

"அஞ்சு லிட்டருக்கு ஒன்றரை பச்சை, அரை சாம்பல்."

"கரெக்ட்."

அந்த ஒரு சொல்தான். பெயின்டருக்குள் எதுவோ பொத்துக்கொண்டது.

"எனக்கு மார்க் போடாத. மக்கை ஒளிச்சு வச்சது நான்தான். பெரிய மக்கைக் கொண்டுவந்து வச்சதும் நான்தான்."

சகலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டியது.

"எதுக்கு அண்ணா?"

"உன் கலர் கெடணும்னுதான். எல்லாரும் உன்னையே தலைல தூக்கி வச்சுக்கிட்டு ஆடினா எனக்கு எப்படி இருக்கும்?"

சகலை மக்கைக் கீழே வைத்தார். "என் கலரா? அது நீங்க கண்டுபிடிச்சதுதானே. நான் எண்ண மட்டும்தானே செஞ்சேன்." கீழே வைத்த மக்கையே பார்த்தார். "கடையை மூடிட்டு வந்து நிக்கறவன் அண்ணா நான். இங்கயும் கெட்டுப் போயிருந்தா எங்க போவேன்?"

அன்றும் மறுநாளும் சகலை நடைவழியின் அந்தக் கோடியில் அடித்தார், பெயின்டர் இந்தக் கோடியில். சகலை கலக்கிவைத்ததைப் பெயின்டர் எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் பேச்சில்லை. சாப்பாட்டு டப்பாவையும் தனித்தனியாகத் திறந்தார்கள். எட்டாம் நாள் மத்தியானம், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் மீதி இருந்தபோது, பெயின்டர் மெதுவாகச் சொன்னார்.

"செஞ்சது தப்புதான்."

சகலை ரோலரை நிறுத்தவில்லை. "ம்" என்றார்.

மாலையில் மேடம் வந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். நாலாம் மாடியையும் அடிக்கவேண்டும், அடுத்த வாரம் யாரைக் கூப்பிடட்டும் என்று கேட்டார். கேள்வி சகலையைப் பார்த்துத்தான் வந்தது. பெயின்டருக்கு மறுபடி சுருக்கென்றது. இருந்தாலும் முந்திக்கொண்டு, "ரெண்டு பேரையும் கூப்பிடுங்க மேடம்" என்றார். சொல்லிவிட்டதில் அவருக்கே கொஞ்சம் பெருமை.

"அவரைக் கூப்பிட்டாப் போதும் மேடம்" என்றார் சகலை. "இந்தக் கலரைக் கண்டுபிடிச்சவர் அவர். அவர் கூப்பிட்டா நான் வருவேன்."

பெயின்டர் நிமிர்ந்து பார்த்தார். நிம்மதியாகத்தான் இருந்தது. கூடவே, பெருந்தன்மையிலும் இவன் நம்மை முந்திவிட்டானே என்றும் இருந்தது.