நரேன் விட்டுப்போன டிரக்

மயூர் விஹாரில் சுபாஷிணி குடியிருந்த ஃபிளாட்டின் பக்கச் சுவரை ஒட்டி, பெட்ரோலில் ஓடும் ஒரு பழைய டிரக் இரண்டு வருஷமாக நின்றிருந்தது. ஐம்பதுகளில் செய்த வண்டி. அவளும் அவள் கணவன் நரேனும் ஜெய்ப்பூர்ப் பக்கம் போய் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டிச் சரிசெய்து, விண்டேஜ் பதிவும் வாங்கியிருந்தார்கள். பிறகு நரேன் வேலைக்காக மெல்போர்ன் போனான். அங்கேயே இருந்துவிட்டான். பெரிய சண்டை எதுவும் இல்லை. போன் பேச்சு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வக்கீல்கள்தான் பேசினார்கள்.

"டிரக்கை வித்துடு. உன்னால தனியா மெயின்டெய்ன் பண்ண முடியாது" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தான். அவள் விற்கவில்லை. ஓட்டவும் இல்லை.

நவம்பரில் காலனிச் செயலாளர் கன்னா வந்து அழைப்பு மணியை அடித்தார். ஓடுகிற வண்டி என்றால் நிற்கட்டும், ஓடாததையெல்லாம் இந்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று இந்தியில் தன்மையாகச் சொன்னார்.

"ஓடும் ஜி" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

பாட்டரியை சார்ஜ் செய்து, பழைய பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினாள். எஞ்சின் இருமியது, குலுங்கியது, அணைந்துபோனது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள். ஆறும் அடுப்புக்கரி போல் கறுத்திருந்தன. ஒன்றில் பீங்கான் உறை விரிசல் விட்டிருந்தது.

சனிக்கிழமை அதில் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மெட்ரோவில் கஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தைக்குப் போனாள். மூன்றாவது கடையில், பார்க்க அதே மாதிரி ஒரு பிளக்கை எடுத்து வைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். புதியதில் மரை நீளமாக இருந்தது. மாட்டினால் உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனை இடிக்கும்.

"பாய் ஸாப், இது வேண்டாம். இதே நீளத்துல குடுங்க."

அந்த நீளத்தில் இரண்டு வகை இருந்தன. ஒன்றின் முனை சீக்கிரம் ஆறிவிடும்; நெடுஞ்சாலையில் விரட்டிப் போகிற வண்டிக்கு அதுதான் சரி. இன்னொன்றின் முனை சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, படிகிற கரியைத் தானே எரித்துவிடும். அவள் வண்டி மெதுவாகத்தான் போகப்போகிறது, அதுவும் எப்போதாவது. இரண்டாவது வகையிலேயே ஆறு வாங்கினாள்.

மறுநாள் காலை வாசல்படியில் உட்கார்ந்து பிளக்குகளைப் பரப்பிக்கொண்டாள். முனையில் நடுக்கம்பிக்கும் அதன்மேல் வளைந்திருக்கும் கம்பிக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்தாள். இந்தக் காலத்து வண்டிகளுக்கென்று வைத்த இடைவெளி, பழைய எஞ்சினுக்கு அதிகம். நடுக்கம்பியைத் தொடக்கூடாது. வளைந்த கம்பியை மட்டும் கல்லில் மெல்லத் தட்டினாள். முதல் பிளக்கில் அதிகம் தட்டிவிட்டு மறுபடி நெம்பித் திறக்க வேண்டியிருந்தது. தகடு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி லேசாகப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் சரி என்று கை கண்டுகொண்ட பிறகு, மற்றவை சுலபமாக வந்தன.

மாட்டுவதற்கு முன் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கை ஒயரில் செருகி எஞ்சின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். ஸ்டார்ட்டர், வண்டிக்குள் காலடியில் இருக்கும் பெடல். பானெட் திறந்திருந்தால் உள்ளே இருந்து எதுவும் தெரியாது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். பெடல் எப்போதும் அவளுடையது, எஞ்சின் நரேனுடையது.

யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள். மாடியில் இருந்தவர்களின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. கடைசியில் போனை வீடியோவில் போட்டு, பிளக்குக்கு எதிரே பழந்துணியில் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்து பெடலை அழுத்தினாள். இறங்கி வந்து வீடியோவைப் பார்த்தாள்.

பொறி வந்திருந்தது. நீலமாக, பளிச் பளிச்சென்று.

எஞ்சின் சுற்றும் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல் "வந்துதா?" என்று கேட்டது. கொஞ்சம் விட்டு, இன்னும் சத்தமாக, "நரேன், வந்துதா?"

தான் அப்படிக் கத்தியதே அவளுக்கு நினைவில்லை. அவள் போனை அணைத்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மட்கார்டைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, மற்ற ஐந்தையும் சோதிக்காமல், ஆறு பிளக்குகளையும் அப்படியே மாட்டினாள்.

எஞ்சின் இரண்டாம் அழுத்தலில் பிடித்தது. ஆறு சிலிண்டரும் ஒன்றுபோல் ஓடின.

நொய்டா லிங்க் ரோடு வரை போனாள். பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அக்ஷர்தாம் தாண்டித் திரும்பினாள். போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால், சுவரோரம் ஒரு சிவப்புக் கார் நின்றிருந்தது. ஹாரன் அடித்ததும் மாடி பால்கனியிலிருந்து ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்துவிட்டு, சாவியோடு ஓடி வந்தாள்.

"ஸாரி ஆன்ட்டி. டிரக்கைக் கபாடிவாலா, அதான் பழைய இரும்புக்காரன், எடுத்துண்டு போயிட்டான்னு நினைச்சேன்."

"நீ தமிழா?"

"ஆமா. ஜ்யோத்ஸ்னா. மாடியில, ஆறு மாசமா" என்றாள் அவள். "இது நிஜமா ஓடறதா?"

"ஓடறது."

அதற்குள் அந்தப் பெண்ணின் போன் அடித்தது. பேசிக்கொண்டே காரை எடுத்து வேறெங்கோ நிறுத்தப் போனாள்.

சுபாஷிணி டிரக்கைப் பின்னால் எடுத்தாள். சுவர் எவ்வளவு தூரம் என்று சொல்ல ஆள் இல்லை. கொஞ்சம் நகர்த்தி, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, மெல்ல மெல்ல வண்டியைச் சுவரோரம் சேர்த்தாள்.