சொல்லிக் கொடுத்த பெயர்

பிரம்பு மறுபடி விழுந்தபோது முப்பிடாதியின் கைகள் பொன்மணியின் பிடிக்குள் துள்ளின. மட்டாஞ்சேரியில் ஒரு பழைய அரிசிக் கிடங்கின் மாடியில்தான் அவர்களுடைய சபை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் பேய் பிடித்தவர்களைக் கூட்டிவருவார்கள். போதகர் ஆனந்தகுமார் அடிப்பார். அவர் மனைவி பொன்மணி பிடித்துக்கொள்வாள். பேய் தன் பெயரைச் சொன்னால்தான் அடி நிற்கும்.

இதற்காகவா பொன்மணி தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து கேரளத்துக்கு வந்தாள்? அந்நிய மண்ணில் ஆத்துமாக்களுக்குத் தாயாக இருப்பாய் என்று கல்யாணத்தன்று சபை மூப்பர் ஜெபித்ததை அப்படியே நம்பியவள், பாவம். பாட்டுப் பாடலாம் என்றால் மலையாளம் நாக்கில் ஏறவில்லை. பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தலாம் என்றால், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள்தான், ஆனால் அதுகளுக்குத் தமிழ் படிக்க வரவில்லை. சபைக்கு அவள் பாஸ்டரம்மா; பால்காரருக்கு பாஸ்டரின் ‘பார்ய’, மனைவி. பேயிடம்கூடப் பெயர் கேட்கிறார்கள், அவளிடம் கேட்டவர் இல்லை. சாயா போடுவதும் கை பிடிப்பதும்தான் மிச்சம். பிடிக்கிற சாக்கில் குனிந்து, செத்துப்போன யார் பெயரையாவது சொல்லிவிடும்படி அந்தப் பெண்களின் காதில் சொல்வாள். அவர்களும் சொல்வார்கள். அடி நிற்கும், சபை ஸ்தோத்திரம் சொல்லும். புருஷனுக்குத் தெரியாமல் அவளாகக் கண்டுபிடித்த ஒரே ஊழியம் அது.

முப்பிடாதி சுக்குக் கிடங்கில் வேலை பார்ப்பவள். அவளைக் கூட்டிவந்த புருஷன் சங்கரலிங்கம் சொன்ன அடையாளம் ஒன்றுதான்: அவன் அடித்தபோது அவள் திருப்பி அடித்துவிட்டாள். அவன் உதட்டில் தையல் இருந்தது. பேய்தான் என்பதில் சபையில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

“உன் பேரென்ன?” என்றார் ஆனந்தகுமார்.

“முப்பிடாதி.”

பிரம்பு தோளைக் கிழித்தது. ரவிக்கையில் ரத்தம் கசிந்தது. மறுபடி கேட்டார், மறுபடி அதே பதில். இந்த முறை அடி காதோடு சேர்த்து விழுந்தது. பொன்மணி வழக்கம்போலக் குனிந்தாள்.

“செத்தவுக பேரு ஒண்ணைச் சொல்லிரு தாயி. விட்டுருவாக.”

முப்பிடாதி தலையைத் திருப்பினாள். வாயோரம் ரத்தம் வழிந்தது.

“எம்பேரு இருக்கும்போது செத்தவ பேரு எனக்கு எதுக்கு? நீங்க பிடிச்சுக்கிடப்போய்த்தான அவரு அடிக்காரு, பாஸ்டரம்மா. விடுங்க.”

இத்தனை பேரைக் காப்பாற்றியதாக எண்ணிக்கொண்டிருந்தவளுக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கை தானாக விட்டது. அடுத்த அடி இறங்கியபோது பிரம்பைப் பிடித்தாள். உள்ளங்கை பிளந்தது. ஆனந்தகுமார் இழுத்துப் பார்த்தார், அவள் விடவில்லை. தலைமயிரைப் பற்றி அவளை முழங்காலில் தள்ளிப் பிரம்பைப் பிடுங்கினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. பேயைப் பார்க்கும் அதே பார்வைதான்.

“உன் பேரென்ன?”

“பொன்மணி.”

முதுகில் விழுந்தது. மறுபடி கேட்டார். இந்த முறை இன்னும் சத்தமாகச் சொன்னாள். பிரம்பு மீண்டும் உயர்ந்தபோது, சுக்கு வாடை வீசும் கை ஒன்று அவள் தோளுக்கு மேலாக நீண்டு அதன் நுனியைப் பிடித்தது.